‘அக்னி’யும் ‘இக்னிஸ்’ஸும் ஒரே வேர் என்றால், அவெஸ்தாவில் ‘ஆதர்’ ஏன்?

இராயபுரவாசி:

எங்கள் இராயபுரத்தில், மேற்கு மாதா கோயில் தெருவில், பார்சிகளின் நெருப்புக் கோயில் ஒன்று 1910-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. பள்ளிக்கு நடந்த நாளிலிருந்தே அதன் வாசலைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறேன். பார்சிகள் அல்லாதோர் உள்ளே செல்லும் வழக்கம் இல்லையாதலால், அங்கே காக்கப்படும் நெருப்பை நான் பார்த்ததில்லை. அந்த ஆவலில்தான் அவர்களுடைய மறைநூலான அவெஸ்தாவின் மொழியைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வடமொழியின் ‘சப்த’ அங்கே ‘ஹப்த’, ‘சோம’ அங்கே ‘ஹவோம’, ‘அசுர’ அங்கே ‘அஹுர’ என்று சகரம் நின்ற இடத்தில் ஹகரம் வரிசை தவறாமல் வருவதைக் கண்டு வியந்தேன்.

ஆனால், எந்தச் சொல்லைத் தேடிப் போனேனோ அதிலேயே இடறிவிட்டேன். வேதத்தில் நெருப்பு ‘அக்னி’, அவெஸ்தாவில் ‘ஆதர்’. உடன்பிறப்பு போன்ற இவ்விரு மொழிகளும் இங்கே பிரிந்து நிற்க, எங்கோ இருக்கிற இலத்தீன் ‘இக்னிஸ்’ என்றும், லித்துவேனியம் ‘உக்னிஸ்’ என்றும், ரஷ்யம் ‘அகோன்’ என்றும் வேதச் சொல்லோடு சேர்ந்துகொள்கின்றன. இது எப்படி நேர்ந்தது? ஆங்கிலத்தின் ‘ஃபயர்’ இவற்றில் எந்தப் பக்கம்?

கூடவே இன்னொன்று. எங்கள் பெரியப்பா ‘ஒன்று – ஒன்’, ‘எட்டு – எய்ட்’ ஆகியவற்றைக் காட்டி, தமிழும் அதே மூலத்திலிருந்து பிறந்ததுதான் என்று உறுதியாகச் சொல்கிறார். அவருக்கு என்ன விடை சொல்வது?

வண்ணாரப்பேட்டை ஆசிரியர்:

ஐயா, நெருப்பைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

உறவு மொழிகள் எல்லாச் சொற்களையும் ஒன்றுபோலவே காத்துவைப்பதில்லை. நம் பேட்டையில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் சொல்லும் ‘நிப்பு’ நம் ‘நெருப்பு’க்கு இனமான சொல், ஆனால் கன்னடத்தில் அன்றாட வழக்கு ‘பெங்கி’. இதனால் கன்னடம் நமக்கு அயலாகிவிடவில்லை. அதுபோலவே, ஈரானியக் கிளையில் ‘ஆதர்’ என்ற சொல் முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்றைய பாரசீகத்தின் ‘ஆதஷ்’ அதன் வழிவந்ததே. இக்னிஸும் உக்னிஸும் பழைய சொல் அழியாமல் நின்ற இடங்கள். ஊர்கள் எவ்வளவு தொலைவு என்பதைக் கொண்டு இதை அளக்க இயலாது.

‘ஃபயர்’ இவ்விரண்டிலும் சேராது. இம்மொழிகளுக்கெல்லாம் தாய் என்று கொள்ளப்படும் மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் நெருப்புக்கு வேறொரு சொல்லும் இருந்தது. கிரேக்கத்தின் ‘பூர்’, ஆங்கிலத்தின் ‘ஃபயர்’, இன்றைய துருக்கி நாட்டில் களிமண் பலகைகளாகக் கிடைத்த ஹிட்டைட் மொழியின் ‘பஹ்ஹுர்’ ஆகியவை அந்த இரண்டாம் சொல்லின் வழிவந்தவை. இரண்டு சொற்கள் எதற்கு என்ற வினாவுக்குப் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அக்னி, இக்னிஸ் இரண்டும் ஆண்பால். அவை நெருப்பை இயங்குகிற, உயிருள்ள ஆற்றலாகக் கண்ட சொல்லிலிருந்து வந்தவை. பூர், பஹ்ஹுர் இரண்டும் ஆணும் பெண்ணும் அல்லாத பால். அவை நெருப்பை வெறும் பொருளாகக் கண்டவை. நீரிலும் இதே இரட்டை உண்டு: வேதத்தில் தேவியராகப் போற்றப்படும் ‘ஆபஹ்’ ஒரு பக்கம், ஹிட்டைட்டின் ‘வாதர்’, ஆங்கிலத்தின் ‘வாட்டர்’ மறுபக்கம். திணை என்ற கருத்தோடு வளர்ந்த நமக்கு இப்பாகுபாடு எளிதில் விளங்கும். நம் உயர்திணை அறிவைக் கொண்டு பிரிப்பது, அந்த மூலமொழி உயிர்ப்பைக் கொண்டு பிரித்தது என்ற வேறுபாட்டை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆங்கிலம் பிற்காலத்தில் இலத்தீன் இக்னிஸிலிருந்து ‘இக்னிஷன்’ என்ற சொல்லையும் ஆக்கிக்கொண்டது. ஆகவே, வண்டிச் சாவியைத் திருப்பும்போது மெக்கானிக் சொல்லும் அந்தச் சொல், அக்னிக்கு உறவுதான்.

மண்ணடி வாசகி:

பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அதை ஒதுக்கிவிடாதீர்கள், அதைச் சோதித்துப் பார்ப்பதிலேயே இந்தக் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

‘எட்டு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது, எண்ணூறு, எண்திசை என்று நாம் சொல்கிறோம்; தெலுங்கில் ‘எனிமிதி’, கன்னடத்தில் ‘எண்ட்டு’. எனவே, நம் சொல்லின் அடி ‘எண்’. அதனோடு ‘து’ சேர்ந்துதான் ‘எட்டு’ பிறந்தது. ஆங்கிலச் சொல்லையும் அவ்வாறே பின்னோக்கி நடத்திச் சென்றால், பழைய ஆங்கிலத்தில் ‘எஅஹ்த’, ஜெர்மனில் ‘ஆஹ்ட்’, இலத்தீனில் ‘ஒக்தோ’, வடமொழியில் ‘அஷ்ட’ என்று போகிறது. ஒரு பக்கம் மூக்கொலி, மறுபக்கம் ககரம். பின்னே போகப் போக இரண்டும் விலகுகின்றன. உறவாக இருந்தால் நெருங்க வேண்டும். ‘ஒன்’ என்பதும் அப்படித்தான். அதன் பழைய வடிவம் ‘ஆன்’. வகர ஒலி பின்னர் ஒட்டிக்கொண்டது. ‘ஒன்லி’, ‘அலோன்’ ஆகியவற்றில் அது ஒட்டாமலிருப்பதைக் காணலாம்.

ஒலி ஒப்புமை எப்படி ஏமாற்றும் என்பதற்கு எங்கள் ஜார்ஜ் டவுனிலேயே சான்று உண்டு. அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை எதுவும் இருந்ததில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் அர்மேனிய வணிகர்கள். ‘அர்மேனிய’ என்பது நம் காதில் ‘அரண்மனை’ ஆயிற்று. 1772-இல் கட்டிய அவர்களது தேவாலயம் அத்தெருவில் இன்றும் நிற்கிறது. உலகின் முதல் அர்மேனிய இதழ் 1794-இல் வெளியானதும் இந்தச் சென்னையில்தான்.

அந்த அர்மேனிய மொழியும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தது. கிரேக்கத்தில் தந்தை ‘பாதேர்’, ஐந்து ‘பெந்தே’, நெருப்பு ‘பூர்’. ஆங்கிலத்தில் இவை ‘ஃபாதர்’, ‘ஃபைவ்’, ‘ஃபயர்’. அர்மேனியத்தில் ‘ஹய்ர்’, ‘ஹிங்’, ‘ஹுர்’. கேட்பதற்கு ஒன்றுபோல் இல்லை. ஆனால் பகரம் நின்ற இடமெல்லாம் ஹகரம் நிற்கிறது. இத்தகைய ஒழுங்குதான் சான்று. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை தனிக் குடும்பம் என்று 1816-இல் எடுத்துக்காட்டிய எல்லிஸ், சென்னையில் ஆட்சியராக இருந்தவர் என்பதையும் பெரியப்பாவிடம் சொல்லுங்கள். திராவிட மொழிகளை ஒப்பிட்டு எழுதிய கால்டுவெல்லின் நூலுக்கு அது 40 ஆண்டு முந்தியது.

இராயபுரவாசி:

இருவருக்கும் நன்றி. எண்பதையும் எண்ணூறையும் சொன்னவுடன் பெரியப்பா சற்று யோசித்தார். பிறகு, “அப்படியானால் கட்டுமரம்? அது ஆங்கிலத்திலும் அப்படியே இருக்கிறதே” என்றார்.

காசிமேட்டுக்காரர்:

அது கடன், அண்ணே. இலத்தீனில் ககரத்தில் தொடங்கும் பழஞ்சொற்கள் ஆங்கிலத்தில் ஹகரம் பெற்றுள்ளன: ‘கொர்னு’ என்ற கொம்பு ‘ஹார்ன்’, ‘கனிஸ்’ என்ற நாய் ‘ஹவுண்ட்’, ‘கென்தும்’ என்ற நூறு ‘ஹண்ட்ரட்’. கட்டுமரம் அவ்வளவு பழைய காலத்திலேயே அங்கு போயிருந்தால், அதுவும் ஹகரத்தில்தான் தொடங்கியிருக்கும். அது ‘கட்டமரான்’ என்று ககரம் மாறாமல் நிற்பதற்குக் காரணம், அந்த ஒலிமாற்றம் நடந்து முடிந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, கப்பலில் வந்தவர்கள் நம் கரையில் கேட்டு எடுத்துச் சென்றதே. இன்று காசிமேட்டில் ஃபைபர் படகுகளே மிகுதி என்றாலும், அந்தச் சொல்லை எங்கள் தாத்தா சொன்னபடியேதான் நாங்களும் சொல்கிறோம்.