கான்பூரில் முதல் ஹோலி: மாமியாரையும் வீசிங் இருக்கிற பொண்ணையும் கூட்டிட்டுப் போகலாமா?

புதுக்குடித்தனம்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு பேங்க் டிரான்ஸ்ஃபர், தீபாவளிக்கு முன்னாடிதான் கான்பூர் வந்தோம். எதிர் வீட்டு ஆன்ட்டி நேத்து வந்து, ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பிடாதீங்க, எங்ககூடத்தான் கொண்டாடணும்னு கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க. எனக்குப் போக ஆசைதான். ஆனா பொண்ணு ரெண்டாங்கிளாஸ், தூசி பட்டா வீசிங் வந்துடும். மாமியாருக்கு எழுபது தாண்டியாச்சு. "இதென்ன நம்ம பண்டிகையா, கதவைச் சாத்திட்டு உள்ள இருப்போம்"ங்கறாங்க. கலர் பட்டா தோல் பாழாயிடும்னு வேற சொல்றாங்க. அங்க இருந்தவங்க யாராவது சொல்லுங்களேன்.

அர்மாப்பூர்க்காரி:

கதவை மட்டும் சாத்தாதேம்மா. எங்க வீட்டுக்காரர் கான்பூர் ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில வேலை பார்த்தார், பசங்க ரெண்டும் அந்த ஊர்லதான் வளர்ந்தாங்க. அங்க ஹோலியன்னிக்குக் கதவு சாத்தியிருந்தா, இந்த வீட்ல ஏதோ துக்கம் போலன்னு நினைச்சுப்பாங்க. வந்து கூப்பிட்டவங்க மனசும் வாடிடும்.

காலையில ஒரு ஹோலி, சாயங்காலம் ஒரு ஹோலி. காலையில கலர், தண்ணி, டோலக், கூச்சல் எல்லாம் மதியத்தோட முடிஞ்சிடும். அப்புறம் குளிச்சு, தூங்கி எழுந்து, புதுத்துணி போட்டுக்கிட்டு வீடு வீடாப் போவாங்க. அதுக்கு ஹோலி மிலன்னு பேரு. வருஷம் பூரா பேசாம இருந்த ரெண்டு குடும்பம் அன்னிக்குக் கட்டிப்பிடிச்சுக்கிறதை நான் கண்ணால பார்த்திருக்கேன். உங்க மாமியாரை சாயங்காலம் கூட்டிட்டுப் போ. காலையில வாசல்ல ஒரு நாற்காலி போட்டு உட்காரட்டும். பெரியவங்க மேல யாரும் வாளித் தண்ணியை ஊத்த மாட்டாங்க. நெத்தியில குலால்ங்கிற கலர்ப்பொடியில ஒரு பொட்டு, பாதத்துல கொஞ்சம் தூவித் தொட்டுக் கும்பிடுவாங்க, அவ்வளவுதான். "பஸ் டீக்கா", அதாவது பொட்டு மட்டும் போதும்னு முன்கூட்டியே ஆன்ட்டிகிட்ட சொல்லிடு, அந்த அம்மா மத்தவங்களைப் பார்த்துப்பாங்க.

தோல் விஷயத்துல உங்க மாமியார் பயப்படறது நியாயம்தான். மலிவா விக்கிற பளபளா வெள்ளிக் கலரையும் கரும்பச்சைப் பசையையும் கிட்டவே விடாதே, அதுல உலோக உப்பெல்லாம் கலக்கிறாங்க. குலால் மட்டும் வாங்கு. லக்னோவுல இருக்கிற தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் பூவுலேர்ந்து குலால் செய்யற முறையைக் கொண்டுவந்திருக்கு. டேசுப் பூன்னு காய்ஞ்ச பூ விப்பாங்க, நம்ம புரசம்பூதான். ராத்திரி வெந்நீர்ல ஊறப்போட்டா காலையில ஆரஞ்சுக் கலர்ல தண்ணி ரெடி. பொண்ணோட பிச்காரியில, அதான் தண்ணி பீச்சற குழல்ல, அதை ஊத்து. பொடி பறக்காது, வீசிங்குக்கும் நல்லது.

கிளம்பறதுக்கு முன்னாடி தலைமுடி வேர் வரைக்கும் தேங்காயெண்ணெய். காது மடல் பின்னாடி, நகக்கண், விரலிடுக்கு எல்லாம் விடாம தடவு. திரும்பி வந்ததும் சோப்பு போட்டுத் தேய்க்காதே. முதல்ல காய்ஞ்ச பொடியைத் தட்டிவிட்டு, சாதாத் தண்ணி, அப்புறம் கடலைமாவும் தயிரும். காதோரம் லேசா ரோஸ் கலர் ரெண்டு நாள் நிக்கும். நிக்கட்டுமே, அந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் ஆபீஸ் போவாங்க.

தண்டாய்ங்கிற மசாலாப் பால் கொடுத்தா, பாங், அதான் கஞ்சா இலை அரைச்சது, போட்டதான்னு கேட்டுட்டுக் குடி. கேக்கறதுல தப்பே இல்ல, பெரும்பாலும் தனிப் பாத்திரத்துல வெச்சிருப்பாங்க. குடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது, அதனாலேயே இன்னொரு டம்ளர் குடிச்சுட்டு மாட்டிக்குவாங்க.

இன்னொண்ணு, கான்பூர்ல ஹோலி ஒரே நாள்ல முடியாது. 1942-ல ஹட்டியா பஜார்ல கொடியேத்தினவங்களை வெள்ளைக்காரன் பிடிச்சு உள்ளே போட்டுட்டான். அவங்களை விடற வரைக்கும் கலரை நிறுத்த மாட்டோம்னு ஊரே நின்னுச்சு. கடைசியில அனுஷ நட்சத்திரத்தன்னிக்கு விட்டாங்க. அந்த நாளை இன்னும் கங்கா மேளான்னு கொண்டாடறாங்க. ஹட்டியாவிலேர்ந்து கலர் டிரம் ஏத்தின வண்டிங்க தெருத்தெருவாப் போகும், சாயங்காலம் கங்கைக்கரையில சர்சையா காட்ங்கிற படித்துறையில மேளா. அதனால ஹோலி முடிஞ்சிடுச்சுன்னு நல்ல புடவையைக் கட்டிக்கிட்டு பஜார் பக்கம் போயிடாதே!

காவிரிக்கரை:

"நம்ம பண்டிகையா"ன்னு கேட்ட அம்மாவுக்கு ஒரு வார்த்தை. தஞ்சாவூர்ப் பக்கம் மாசியில காமன் பண்டிகை உண்டு. முச்சந்தியில கரும்பு, ஆமணக்குக் கொம்பெல்லாம் நட்டு, வைக்கோல் சுத்தி, வரட்டி அடுக்கி, பௌர்ணமிக்குக் கொளுத்துவாங்க. ரதி புலம்பலும், மன்மதன் எரிஞ்சான், எரியலைன்னு எரிஞ்ச கட்சி எரியாத கட்சியாப் பிரிஞ்சு போட்டி போட்டுப் பாடற லாவணியும் விடிய விடிய நடக்கும். உத்தரப் பிரதேசத்துல வசந்த பஞ்சமிக்கு நாற்சந்தியில ஆமணக்குக் கொம்பு நட்டு, விறகும் வரட்டியும் சேர்த்து, பௌர்ணமி ராத்திரி ஹோலிகாங்கிற அரக்கியைக் கொளுத்தறதா தீ வைக்கறாங்க. அங்க பிரகலாதன் கதை, இங்க மன்மதன் கதை. தீ ஏறக்குறைய ஒரே பௌர்ணமித் தீதான். பெரியம்மாவை அந்த ராத்திரி பால்கனியிலேர்ந்து பார்க்கச் சொல்லுங்க. எந்த ஊருக்கு வந்திருக்கோம்கிற அந்நியம் அப்பவே பாதி போயிடும்.

மூச்சுக்காத்து:

என் பையனுக்கும் வீசிங், நாங்க அலகாபாத்ல இருந்தோம். கலரைவிட அவனைப் படுத்தினது முதல் நாள் ராத்திரி ஹோலிகா புகைதான். அந்த நேரத்துல ஜன்னலைச் சாத்திட்டு பொண்ணை உள்ளேயே வெச்சுக்கோங்க. மறுநாள் கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி, எட்டு எட்டரைக்கே மத்த குழந்தைங்களோட தண்ணிக் கலர் ஆடவிட்டு, பொடி பறக்க ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வந்துடுங்க. இன்ஹேலர் உங்க இடுப்புப் பையில இருக்கணும், வீட்டு அலமாரியில இல்ல. டாக்டர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

புதுக்குடித்தனம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காமன் பண்டிகையைப் படிச்சுக் காட்டினதும் மாமியார், "எங்க பாட்டி ஊர்ல லாவணி கேட்டிருக்கேனே"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க, இன்னும் நிறுத்தல. ஜன்னலைத் திறக்காம கண்ணாடி வழியா பொண்ணும் அவங்களும் சேர்ந்தே தீயைப் பார்க்கப் போறாங்க. சாயங்காலம் வர்றவங்களுக்கு என்ன பண்ணி வைக்கலாம்? இங்க ஹோலிக்குப் பண்ற குஜியா இனிப்பு எனக்கு வராது.

அர்மாப்பூர்க்காரி:

குஜியா எல்லா வீட்லயும் மலையாக் கிடக்கும், நீ பண்ணவே வேண்டாம். தேங்காய்ப் பூரணம் வெச்சு நம்ம சோமாசி பண்ணு. பார்க்க அதே பிறை வடிவம்தான், உள்ளே பால்கோவாவுக்குப் பதில் தேங்காய்ன்னு கடிச்சதும் ஆச்சரியப்படுவாங்க. கூடவே கைமுறுக்கு. நிறையச் சுத்தி வை, பொட்டலம் கட்டிக் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க.