யாரைத் தட்டினாலும் ஒரே போன் நம்பர்: 2147483647

கோயம்புத்தூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக்கொடுத்த புதிது. ஒருநாள் காலையிலேயே கடைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, எந்த கஸ்டமர் பேரைத் தட்டினாலும் ஒரே போன் நம்பர்தான் வருதுங்க." போய்ப் பார்த்தேன். எவ்வளவு கீழே உருட்டினாலும் 2147483647.

தப்பு என்னுடையதுதான். போன் நம்பரை எழுத்தாக வைக்காமல் சாதாரண முழு எண்ணாக வைத்திருந்தேன். அதற்கு கணினி ஒதுக்குவது 32 பிட், அதாவது 0 அல்லது 1 வைக்கிற 32 இடம். அதில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31 பிட்டில் அடங்குகிற பெரிய எண், 2-இன் 31ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. நம் மொபைல் எண்களோ 600 கோடிக்கு மேல். டேட்டாபேஸ் ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாவற்றையும் அந்த உச்சத்துக்கு வெட்டிவிட்டது. பழைய பில் கட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தேன்.

அந்த எரிச்சலில்தான் இது என்ன எண் என்று தேடினேன். பகா எண்! 2-இன் ஏதாவது ஒரு அடுக்குக்கு ஒன்று குறைவாக வருகிற பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பார்கள். அவற்றில் எட்டாவது. நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர், 1772-இல். அவருக்குப் பார்வை கிட்டத்தட்ட போய்விட்ட காலம். இதன் வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், ஆனால் அவையே 4,792 உண்டு. இதற்குப் பகாக் காரணி இருந்தால், அதை 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63-தான் வரும் என்று கண்டுகொண்டார். வேலை அதிகபட்சம் 372 வகுத்தலாகச் சுருங்கியது.

---

2147483647-க்கு ஆய்லர் பிடித்த அந்த 248 எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் ஒரு மாணவி என்னை மடக்கினாள். முதலில் சின்னதாக 2047-ஐ எடுத்துக்கொண்டேன். 2-இன் 11ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு. 11 பகா எண்தான், ஆனால் 2047 = 23 × 89. இரண்டிலும் ஒன்றைக் கழித்தால் 22, 88. இரண்டுமே 22-இன் மடங்கு. 22 என்பது 11-இன் இரு மடங்கு. அதேபோல 31ஆம் அடுக்குக்கு, காரணி 62-இன் மடங்கோடு ஒன்று: 1, 63, 125, 187 என்று போர்டில் எழுதினேன். காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்று இன்னொரு விதியும் உண்டு. 125-க்கு மீதி 5, 187-க்கு 3. இரண்டையும் அவளே வந்து அடித்தாள். 248-க்கு மேல் இதே சுற்று திரும்ப வரும், அவ்வளவுதான்.

2147483647 என்ற இந்தப் பகா எண்ணை 2-இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தானே ஆகிற நிறைவெண். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் தேடப்போவதில்லை என்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ 1811-இல் எழுதிவைத்தார், பாவம்.

---

எனக்கு இந்த 2147483647 வேறு வழியில் அறிமுகம். பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளாக எண்ணுகின்றன. அதே 31 பிட்டில் வைத்தால் 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரம் காலை 8:44:07-க்கு இடம் தீர்ந்துவிடும். ஆபீஸில் இருக்கும் பழைய வருகைப்பதிவு மெஷினில் சும்மா 2038 ஜனவரி 20 என்று வைத்துப் பார்த்தேன். எண்ணிக்கை கழித்தல் பக்கம் தாவி, 1901 டிசம்பர் என்றது. 2038-இல் நான் ரிட்டையர் ஆகியிருப்பேன். அடுத்து வருகிறவர் பாடு.