படரும் நாட்டு வயலட்: சீட்டில் ஹெடராசியா, பூவைப் பார்த்தால் சந்தேகம்

தோட்டக்கிறுக்கு:
இடம் மெல்பர்ன், வீட்டின் தெற்குச் சுவரோரம். தரையை மூடுவதற்காக நர்சரியில் வாங்கிய ஆறு 'நேட்டிவ் வயலட்' தொட்டிகள். சீட்டில் வயோலா ஹெடராசியா என்று இருக்கிறது. ஆனால் பூவின் நடு அடர் ஊதா, இதழ் நுனி பளிச்சென்று வெள்ளை. படங்களில் ஹெடராசியா வெளிறித் தெரிகிறது. இது எது? எவ்வளவு இடைவெளியில் நடலாம்? ஒரு தொட்டியில் மட்டும் இலை பழுப்பேறுகிறது, அது ஏன்?

பச்சைவிரல்:
பெரும்பாலும் வயோலா பேங்க்சியை. 2000-களின் தொடக்கம் வரை இதையும் ஹெடராசியா என்றே எழுதிவந்தார்கள், நர்சரிச் சீட்டுகள் இன்னும் மாறவில்லை. உறுதி செய்ய இலையின் அடியைப் பாருங்கள். காம்பு சேரும் இடத்தில் பிளவு ஆழமாகக் குறுகி, இலை ஏறக்குறைய முழு வட்டமாக இருந்தால் பேங்க்சியை. பிளவு அகலமாக, ஆழமில்லாமல், இலை சிறுநீரக வடிவில் இருந்தால் ஹெடராசியா. அதன் பூவில் ஊதா மெல்ல வெளிறி வெள்ளையாகும், உங்கள் பூவில் உள்ள பளிச் வேறுபாடு இருக்காது. பூ நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், நிழலில் நிறம் மங்கும்.

வாசனை வயலட் (ஓடொராட்டா) என்று குழம்ப வேண்டாம். அதன் பூவுக்குப் பின்னால் தெளிவான வால் நீண்டிருக்கும், மணமும் உண்டு. இவை இரண்டிலும் அந்த வால் இருக்காது.

பேங்க்சியை நியூ சவுத் வேல்ஸ், தென்கிழக்குக் குயின்ஸ்லாந்து கடலோரத்துச் செடி. வீட்டுத் தோட்டத்துக்குத் தாராளமாக வைக்கலாம். புதர்க்காட்டை ஒட்டிய இடமென்றால், விக்டோரியாவில் இயல்பாகவே வளரும் ஹெடராசியாவை உள்ளூர் நாட்டுச்செடி நர்சரியில் கேட்டு வாங்குவதுதான் சரி.

மூடாக்கு:
தெற்குச் சுவர் இங்கே நிழல் பக்கம், நல்ல தேர்வு. காலை வெயில் கொஞ்சம் விழுந்தால் பூ கூடும். 30 செ.மீ. இடைவெளி போதும், ஓடுதண்டுகள் கணுவுக்குக் கணு வேர்விட்டு நடுவை மூடிவிடும். மண்ணை 15 செ.மீ. கொத்தி மக்கு உரம் கலந்துவிடுங்கள். செடியின் கழுத்து மண்மட்டத்திலேயே இருக்கட்டும், புதைத்தால் அழுகும். மண்மேல் பரப்பும் மூடாக்கு (சருகு, மரச்சீவல் போன்றவை) 3 செ.மீ. போதும். தடிமனாகப் போட்டால் ஓடுதண்டு மண்ணைத் தொடாது, தொடாவிட்டால் வேர்விடாது. செடி பரவவில்லை என்று புலம்புகிற பலர் வீட்டில் காரணம் இதுதான்.

பெருக்க விதை வேண்டாம். மார்ச் முதல் மே வரை, வேர்விட்ட கணுவை இருபக்கமும் வெட்டி மண்ணோடு எடுத்து நடுங்கள். முதல் இரண்டு வாரம் ஈரம் காயக்கூடாது.

பச்சைவிரல்:
பழுப்புக்கு வருகிறேன். இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஊசிக் குத்து போன்ற வெளிர்ப் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை இருந்தால் சிலந்திப்பேன். வறண்ட சூட்டில்தான் வரும், தொட்டியில் இன்னும் எளிதாக. இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், சில நாள் விட்டு மறுபடியும். மோசமான கொத்தைத் தரையிலிருந்து 3 செ.மீ. விட்டு வெட்டி நனைத்தால் புதுத் தளிர் வரும். வலை இல்லாமல் ஓரம் மட்டும் கருகினால் தண்ணீர்க் குறைவு. இலையில் ஒழுங்கற்ற ஓட்டைகள் என்றால் நத்தை, இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குங்கள்.

தோட்டக்கிறுக்கு:
நன்றி. பிளவு ஆழம்தான், வலையும் இருக்கிறது. பக்கத்தில் வல்லாரையும் படர்கிறது, பூ இல்லாதபோது எப்படிப் பிரிப்பது?

மூடாக்கு:
காம்பின் அடியைப் பாருங்கள். வயலட்டில் இருபுறமும் கூரான சிறு செதில்கள் தனியாகத் தெரியும். வல்லாரையில் காம்பே அடியில் விரிந்து தண்டைத் தழுவும். சமையலுக்குப் பறிக்கும் பாத்தி என்றால் நடுவில் 15 செ.மீ. ஆழத்துக்குத் தகடு இறக்கிவிடுங்கள், மேல்விளிம்பு மண்ணுக்கு மேலே ஐந்து செ.மீ. நிற்க வேண்டும். ஓடுதண்டு மேலாகத்தான் தாண்டும், அவ்வப்போது வெட்டிவிடுங்கள்.