தண்ணீருக்குப் பயப்படும் குழந்தைக்கு எப்படிப்பட்ட நீச்சல் கதைப் புத்தகம்?

கேள்வி: மகளுக்கு 5 வயது. முகம் நனைந்தாலே அழுகை. வகுப்பில் சேர்க்குமுன் படித்துக்காட்டப் படப் புத்தகம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1: பயம் எப்படித் தீர்கிறது என்று பாருங்கள். யாரோ தள்ளிவிட, உடனே நீந்திவிடும் கதை வேண்டவே வேண்டாம், பயம்தான் கூடும். படியில் உட்கார்வது, கால் நனைப்பது, குமிழி விடுவது, முகம் நனைப்பது, பெரியவர் தாங்க மிதப்பது என்று மெதுவாக நகரவேண்டும். நடுவில் பின்வாங்கும் பக்கம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

பதில் 2: குமிழிப் பக்கம் வந்ததும் நிறுத்தி, கிண்ணத் தண்ணீரில் ஊதச் சொல்லுங்கள். வாயால் மூச்சு இழுத்து, தண்ணீருக்குள் மெல்ல விடவேண்டும். உள்ளே இழுத்தால் மூக்கு எரியும், புரையேறும்.

பதில் 3: படங்களையும் கவனியுங்கள். பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்கிறாரா? காற்றடைத்த கைப்பட்டை கழன்றுவிடக்கூடியது; அதைப் பாதுகாப்பாகக் காட்டும் புத்தகத்தைத் தவிருங்கள்.