தொடை எலும்பில் ஓட்டை என்றார்கள்

போன சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்காக மதுரைத் தல்லாகுளத்தில் ராத்திரி முழுக்க நின்றேன், காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வீட்டில் சாப்பிடச் சம்மணம் போட்டதும் வலது தொடையிடுக்கில் சுருக்கென்று குத்தியது. அதன்பிறகு பைக்கில் காலைத் தூக்கிப் போடுவதே பெரும்பாடு.

எக்ஸ்ரே எடுத்த இடத்தில் "எலும்பில் ஓட்டை இருக்கு, கட்டியான்னு பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. இப்படி அரைகுறையாகச் சொல்லி அனுப்புவது தவறு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர் என்னைப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கி, பாதத்தை வெளியே திருப்பினார். அதே வலி! அப்புறம்தான் படத்தைக் காட்டினார். தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் பந்து, அதன் கீழே ஒடுங்கும் கழுத்துக்கு இறங்கும் இடத்தில் எனக்கு ஒரு மேடு. மடக்கும்போதெல்லாம் அது இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கிறது. இம்பிஞ்ச்மென்ட் என்கிறார்கள். ஓட்டை இருந்ததும் அங்கேயே, கழுத்தின் முன்பக்க மேல்பகுதியில். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் கோடு. கதவுக் கைப்பிடி பட்டுப் பட்டுச் சுவர் குழிவதைப் போல என்றார்.

1982-ல் பிட் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் இந்தக் குழியைப் பற்றி எழுதியபோது, தொந்தரவில்லாத ஒன்றாகத்தான் எண்ணினார்களாம். 2005-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் மருத்துவர்கள், இடிபடும் இடுப்புகளில் மூன்றில் ஒன்றில் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வலியே இல்லாதவர்களுக்கும் இது இருக்கிறது. அதனால் ஓட்டையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்றார் டாக்டர்.

எம்.ஆர்.ஐ.யில் கட்டி இல்லை. கிண்ண விளிம்பின் குருத்தெலும்பு வளையம் லேசாகக் கிழிந்திருந்தது. குழியை யாரும் தொடவில்லை. பிசியோதெரபி போகிறேன், தரையில் உட்காருவதை விட்டுவிட்டேன்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு அக்கா:
தம்பி, ராத்திரியில் வலிக்கிறதா? என் மகனுக்கும் தொடை எலும்புக் கழுத்தில் சின்ன வட்டம்தான் தெரிந்தது. ஆனால் நடுராத்திரி அழுதுகொண்டு எழுந்திருப்பான், வலி மாத்திரை போட்டால் அடங்கிவிடும். சி.டி. எடுத்ததில் ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா என்ற சின்ன எலும்புக் கட்டி. புற்று இல்லை. ஊசி வழியாகச் சூடு வைத்தார்கள், இப்போது கபடி ஆடுகிறான்.

பதில்:
இல்லைக்கா, படுத்தால் வலி இல்லை, மடக்கினால்தான். டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்டார். மகன் நல்லபடியாக ஆடட்டும்.