தோப்பு கேமராவ சோலார்லயே 24 மணி நேரமும் ஓட்டுற அனுபவம்

பேராவூரணி பக்கம் எங்க தென்னந்தோப்பு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ வாரக்கணக்குல கரண்ட் இல்ல, ஜெனரேட்டர் வச்சிருந்த கடையில காசு குடுத்து போன் சார்ஜ் போட்டோம், அப்ப மனசுல விழுந்ததுதான் இந்த சோலார் ஆசை. போன வருஷம் மோட்டார் கொட்டாயில சிம் போடுற கேமரா ஒண்ணு மாட்டணும்னு அப்பா சொன்னாங்க, அங்க கரண்ட நம்ப முடியாதுன்னு மேலயே குட்டி பேனல் ஒட்டி வர்ற 10000 எம்ஏஹெச் பவர் பேங்க் வாங்கி ஓட்டு மேல வச்சேன்.

காலையில வச்சது, ராத்திரி சோறு திங்கிறதுக்குள்ள கேமரா ஆஃப். அப்புறம்தான் உக்காந்து கணக்குப் போட்டேன். பவர் பேங்க்ல இருக்கிறது மொத்தமே 37 வாட் ஹவர் (ஒரு வாட் இழுக்குறது ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு வாட் ஹவர்), கேமரா சராசரியா 3 வாட் இழுக்குது, ஒரு நாளைக்கு 72 வாட் ஹவர் ஆச்சு, மேல இருக்கிற பேனலோ உச்சி வெயில்லயே ஒண்ணு ஒன்றரை வாட்டுதான், நாள் பூரா காஞ்சாலும் 5, 6 வாட் ஹவர் தேறாது. இதுல வெயில்லயே கிடந்து பேட்டரி வேற கொதிக்குது, லித்தியம் செல்ல 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணவே கூடாது. மூணு வாரத்துல நடுவுல உப்பி, பேனல் ஓரம் நகக்கண்ணு நுழையிற அளவு தூக்கிக்கிச்சு. தயவுசெஞ்சு அதை மட்டும் வெயில்ல வைக்காதீங்க.

இப்ப இருக்கிறது 40 வாட் பேனல், 12 வோல்ட் 12 ஏஹெச் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி, நடுவுல பேட்டரிக்கு ஏறுற சார்ஜ அளவா வைக்கிற சார்ஜ் கன்ட்ரோலர், 5 வோல்ட்டுக்கு இறக்க ஒரு பக் கன்வெர்ட்டர். பேட்டரி கொட்டாய்க்குள்ள நிழல்ல, பேனல் மட்டும் வெளிய தெற்கு பாத்து லேசா சாய்ச்சு. கன்ட்ரோலர்ல லித்தியம் செட்டிங் மாத்தணும், ஈய பேட்டரி செட்டிங்லயே விட்டுடாதீங்க. ஐப்பசி கார்த்திகை மழையில வெயிலே இல்லாம ஒன்றரை நாளுக்கு மேல தாக்குப் பிடிச்சுது. ஒரு தடவ மட்டும் சார்ஜ் ஏறவே இல்ல, போய்ப் பாத்தா ஒரே ஒரு தென்ன ஓலை நிழல் பேனல் குறுக்கால விழுந்திருக்கு, செல் எல்லாம் வரிசையா கோத்திருக்கிறதால ஒண்ணு நிழலானா மொத்தமும் படுத்துடுது. பேனல நாலடி தள்ளி நட்டதும் சரியாச்சு.

பதில்:

அண்ணே, எனக்கு நேர் எதிர் பிரச்சனை. மாடி டேங்க்ல தண்ணி அளவு பாக்குற இஎஸ்பி32 (வைஃபை உள்ள குட்டி சிப்பு) சென்சார பவர் பேங்க்ல மாட்டியிருந்தேன், அது தூங்குறப்போ கரண்டே இழுக்காது, உடனே பவர் பேங்க் எதுவும் மாட்டலன்னு நெனச்சு அரை நிமிஷத்துல தானா அணைஞ்சுடும். அணையாம இருக்க 47 ஓம் ரெசிஸ்டர் ஒண்ண குறுக்கால போட்டேன், அது சும்மாவே ஒரு நாளைக்கு 12 வாட் ஹவர தின்னுச்சு. கடைசியில பவர் பேங்க தூக்கிப் போட்டுட்டு ஒரே ஒரு 18650 செல் (உருளையா இருக்கிற லித்தியம் பேட்டரி), சின்ன சார்ஜர் போர்டு, 6 வோல்ட் பேனல். பேட்டரிய நிழல்ல வைக்கச் சொன்னீங்கல்ல, என்னோடது டேங்க் மூடி மேலதான் இருக்கு, நாளைக்கே கீழ இறக்கிடறேன்.