ஊசல் புராஜெக்ட்: கணக்கு மீதுள்ள பயம் போகுமா?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு ஊசல் (நூலில் கட்டி ஆட்டும் குண்டு) புராஜெக்ட் கொடுக்கப் போகிறேன். செய்முறை என்றால் பிள்ளைகளுக்குக் குஷி, கணக்கு என்றதும் முகம் சுருங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: அளக்கும் முன் ஊகத்தை எழுத வையுங்கள். 100 செ.மீ. நூலில் 20 அலைவுக்கு (ஒரு முறை போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு) சுமார் 40 விநாடி ஆகும். நூலை 25 செ.மீ. ஆக்கினால்? பலரும் 10 என்பார்கள், வருவது 20. ‘ஏன்?’ என்று அவர்களே கேட்கும் இடம் அதுதான். நீளம் கால் பங்கானாலும் நேரம் பாதியாகத்தான் குறைகிறது; அதை விளக்க வர்க்கமூலம் அப்போது தேவைப்படும். சூத்திரத்தை முதலிலேயே பலகையில் எழுதினால் அந்த ஆர்வம் செத்துவிடும்.

பதில் 2: நீளத்தை முடிச்சு வரை அளந்தால் கணக்கு இடிக்கும், குண்டின் மையம் வரை அளக்கணும். 10 டிகிரிக்கு மேல் இழுக்க வேண்டாம். விடை பிசகினால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், காரணத்தைக் கண்டுபிடித்தவருக்குக் கூட்டிக் கொடுங்கள்.

பதில் 3: மூவர் குழு போதும். ஸ்டாப்வாட்ச் ஒரே கையில் தங்கக் கூடாது.